பத்திரமாக இருக்கட்டும்

"அப்பா, என்ற ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டெல்லாம் வேணுமுங்க. வெள்ளிக்கெழம மெட்ராஸ்ல போயிச் சேரோணும்."

தரணி இதைச் சொன்னபோது மகுடேஸ்வரன் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டிருந்தார். கை அங்கேயே நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா பழனாயி காபி டம்ளரைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. சமையல்கட்டில் இட்லிச் சட்டியைத் திறக்கப் போன தரணியின் அம்மா சாரதாமணி, மூடியைச் சத்தமில்லாமல் திரும்ப மூடினாள்.

"பாத்துக்கலாங் கண்ணு," என்றார் மகுடேஸ்வரன்.

கொங்குப் பக்கத்தில் 'மாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதைக் குறைவு. அதற்குப் பதிலாகப் 'பாத்துக்கலாம்' என்பார்கள். நன்கொடை கேட்டு வந்தவருக்கும் அதுதான், பிடிக்காத இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தவருக்கும் அதுதான். கேட்டவர் தாமாகவே புரிந்துகொண்டு, மோரைக் குடித்துவிட்டு, "அப்பப் போயிட்டு வர்றோமுங்க" என்று எழுந்து போக வேண்டும். தரணி எழுந்து போகவில்லை. அன்று காலை அந்த வீட்டில் நடந்த முதல் குற்றம் அது.

"இன்னைக்குத் திங்கக்கெழமைங்கப்பா."

"ஆடி மாசத்துல போயி ஆராச்சும் நல்ல காரியத்த ஆரம்பிப்பாங்களா?" என்றாள் பழனாயி.

"காலேஜ்ல ஆடி, ஆவணியெல்லாம் பாக்கமாட்டாங்க அத்தை."

"அதத்தான் நானுஞ் சொல்றேன். நல்ல நாள் பாக்காத காலேஜு நமக்கு என்னத்துக்கு?"

இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் இல்லை.

திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் நீல நிறப் போர்டு ஒன்று தெரியும். 'தரணி நிட் ஃபேஷன்ஸ்.' மகள் பிறந்த வருஷம் மகுடேஸ்வரன் இரண்டு மிஷினோடு ஆரம்பித்த பனியன் கம்பெனி. இன்றைக்கு அந்தப் பெயர் ஒட்டிய அட்டைப்பெட்டிகள் தூத்துக்குடியில் கப்பலேறி ஜெர்மனி வரை போகின்றன. பெயர் கடல் தாண்டிப் போகலாம்; பெயருக்கு உரியவள் ஈரோடு தாண்டிப் போவதென்றால்தான் குடும்பமே கூடி உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

கோயமுத்தூரில் டெக்ஸ்டைல் என்ஜினியரிங் படித்துவிட்டு, இரண்டு வருஷமாக அப்பாவின் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை பார்த்தாள் தரணி. மேலே எம்.டெக்., அதுவும் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆராய்ச்சி படிக்க வேண்டுமென்பது அவள் ஆசை. கம்பெனி சங்கு ஊதுவதற்கு முன்னால் மொட்டை மாடியில் உட்கார்ந்து நுழைவுத் தேர்வுக்குப் படித்தாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் தயிர்சாதமும் இன்னொரு கையில் மவுசுமாகக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டாள். 'இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்' என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் சூப்பர்வைசர் வந்து, "மேடம், ரெண்டாவது லைன்ல டெய்லர் ரெண்டு பேரு சட்டையப் புடிச்சுக்கிட்டாங்க" என்பான். எழுந்து போய் விலக்கிவிட்டு வந்து, சாயம் கலந்த நொய்யல் ஆற்றைப் பற்றி விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

இதையெல்லாம் மகுடேஸ்வரன் தடுக்கவில்லை. "பொண்ணுக்கு மெட்ராஸ்ல இருந்து இன்டர்வியூக்குக் கூப்புட்டிருக்காங்க" என்று நாலு கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருந்தது. கூப்பிடுகிற வரைக்கும் பெருமை. போவதென்பது வேறு விஷயம்.

அந்த வேறு விஷயத்தின் பெயர் சதீஷ்குமார். கணியூரில் தென்னந்தோப்போடு இருக்கும் பழனாயியின் ஒரே மகன், தரணிக்கு முறை மாப்பிள்ளை. பெண் பிறந்த சேதி கேட்டுத் தொட்டில் சேலையோடு வந்திறங்கிய அன்றே பழனாயி, "இது என்ற மருமவ" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசி முடிவெடுக்க அதில் ஒன்றும் இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். சதீஷ்குமார் சிவில் என்ஜினியரிங் சேர்ந்தான். சேர்ந்தவன் இன்னும் வெளியே வரவில்லை. சில பேப்பர்கள் அரியரில் நின்றன. கட்டிக்கப் போகிறவனை விடப் பெண் ஒரு படி கீழே படித்திருந்தால் நல்லது, சமமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், மேலே போனால் குடும்பம் தங்காது என்பது பழனாயியின் கட்சி. ஆகவே தரணியின் படிப்புக்கு உச்சவரம்பு, சதீஷ்குமாரின் அரியர். ஒவ்வொரு செமஸ்டரும் அவன் ரிசல்ட் வரும்போது அருள்புரத்தில் தரணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதற்குக் காரணம் பாசம் அல்ல.

சித்திரையில் இன்டர்வியூக்கள் ஆரம்பித்தன. பெண்ணைத் தனியாக அனுப்ப முடியுமா? இன்னோவாவில் அப்பா, அம்மா, அத்தை. வண்டி ஓட்ட சதீஷ்குமார். பின் சீட்டில் புளிசாதம், தண்ணீர் கேன், மாத்திரைப் பை. கேரளத்துக் கல்லூரி ஒன்றில் பழனாயி நேராக மெஸ்ஸுக்குள் போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். அந்தக் கல்லூரியின் கதை அத்தோடு முடிந்தது.

சென்னைக் கல்லூரியில் சுற்றிக் காட்ட வந்தவள் ஈரோட்டுப் பக்கத்துப் பெண். சண்முகப்பிரியா என்று பெயர், ஆராய்ச்சி மாணவி. முழங்கால் தெரிய ஒரு டவுசர் போட்டிருந்தாள். பழனாயி அந்த முழங்காலை விட்டுக் கண்ணை எடுக்காமலே குலம் கோத்திரம் விசாரித்தாள்.

"நம்ம பக்கத்துப் புள்ளையா கண்ணு? எந்தக் கூட்டம் நீங்க?"

"இங்க அதெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்கம்மா."

"நாங் கேக்கறனல்லோ."

அந்தப் பெண் சிரித்துவிட்டு மகுடேஸ்வரன் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் தன் தொழில் கேள்வியைக் கேட்டார். "லேடீஸ் ஹாஸ்டல் எத்தன மணிக்குங்க பூட்டுவாங்க?"

"பூட்டமாட்டாங்க அங்கிள். லேப்ல வேலை முடியறப்ப வரலாம்."

மகுடேஸ்வரனும் ஹாஸ்டல் நடத்துகிறவர்தான். கம்பெனிக்குப் பின்னால் தெற்குச் சீமையிலிருந்து வேலைக்கு வந்த பெண்பிள்ளைகள் தங்கும் கட்டடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வார்டன் துணையோடு கடைவீதிக்குப் போய் வரலாம். மற்ற நாளில் பூட்டு. பூட்டாத ஹாஸ்டல் என்பது அவருக்கு மூடாத தண்ணீர்த் தொட்டி மாதிரி. யாராவது விழுந்தால் யார் பதில் சொல்வது?

தரணி இன்டர்வியூ முடித்து வந்தபோது பெரியவர்கள் மரத்தடியில் புளிசாதம் பிரித்திருந்தார்கள். கேன்டீன் வாசலில் சதீஷ்குமார் தனியாக சமோசா தின்றுகொண்டிருந்தான்.

"எப்புடிப் பண்ணுன?"

"நல்லாத்தான் போச்சு மாமா. நீங்க இந்தத் தடவயாச்சும் பரீட்ச எழுதுனீங்களா?"

"பீஸ் கட்டுனேன்." கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "ஹாலுக்குள்ள போவல. பாஸாயிட்டேன்னு வெச்சுக்க, அடுத்த மாசமே மண்டபம் புடிச்சுப்போடுவாங்க. எனக்கும் வேண்டா, உனக்கும் வேண்டா. பெயிலாவே இருந்தா தள்ளிட்டே போகுமில்ல."

"நீங்க பெயிலானா என்ற படிப்பும் அங்கயே நிக்குதுங்களே."

சதீஷ்குமாருக்கு இது தோன்றியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தான். "அட, ஆமா," என்றான். பிறகு இன்னொரு சமோசா வாங்கப் போனான். நல்ல பையன்தான், யோசனை ஒரு சமோசாவுக்கு மேல் தாங்காது.

இடம் கிடைத்தது. மாதம் உதவித்தொகையும் உண்டு என்று எழுதியிருந்தார்கள். ஆனால் இன்டர்வியூ முடிந்து சென்னையிலிருந்து திரும்பி வீட்டு வாசலில் இறங்கும்போதே லேசாகத் தூறல். "நனஞ்சுறப் போகுது, ஃபைல இப்படிக் குடு கண்ணு. ஆபீஸ் லாக்கர்ல பத்திரமா இருக்கட்டும்," என்று வாங்கிக்கொண்டார் மகுடேஸ்வரன். தூறல் அப்போதே நின்றுவிட்டது. சர்டிபிகேட்டுகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அசல் இல்லாமல் எந்தக் கல்லூரியும் சேர்க்காது என்பது பத்தாவது தாண்டாத மகுடேஸ்வரனுக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், அது அவர் தொழில் ரகசியம்.

அந்த வாரம் புதன்கிழமை ஜெர்மனியில் துணி வாங்கும் பையரின் ஆடிட். துணி எப்படித் தைக்கிறார்கள் என்று பார்க்கிற ஆடிட் இல்லை. தைக்கிற ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கிற ஆடிட். இது வருகிறதென்றால் அருள்புரத்துக் கம்பெனிகளில் தீபாவளி மாதிரி. கழிவறையில் சோப்பு முளைக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சு வரும். 'பெண்களைப் போற்றுவோம்' என்ற பழைய பலகையைத் துடைத்து மாட்டுவார்கள். தொழிலாளிகளுக்குக் கேள்வி பதில் சொல்லித் தருவது ஹெச்.ஆர். வேலை, அதாவது தரணி வேலை.

செவ்வாய்க்கிழமை கேன்டீனில் ஹாஸ்டல் பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்டாள். "ஓவர்டைம் பாக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தறாங்களா?"

"இல்லீங்க மேடம்," என்று கோரஸ்.

"உங்க ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எதையாச்சும் கம்பெனி வெச்சிருக்குதா?"

"இல்லீங்க மேடம். எங்ககிட்டதான் இருக்குது."

தெற்கத்திப் பிள்ளைகள் கொங்குத் தமிழில் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது தரணியிடம்தான். வேலைக்குச் சேரும் நாளில் சர்டிபிகேட்டுகளை வாங்கி அடுக்கி, பாதியில் ஓடிவிடக் கூடாதென்று அப்பாவின் லாக்கரில் வைத்ததும் அவள்தான். எல்லாக் கம்பெனியிலும் இருக்கிற வழக்கம் என்று சொல்லியிருந்தார்கள். அவளும் யோசிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு ஒருத்தி மட்டும் நின்றாள். முத்துப்பேச்சி. சங்கரன்கோவில் பக்கம், செக்கிங் டேபிள்.

"யக்கா, இப்பம் யாரும் இல்லல்லா. நெசத்தச் சொல்லுங்க. என் பன்னெண்டாங்கிளாஸ் மார்க் சீட்ட எப்பம் தருவீய? எங்கூர்ப் பக்கம் நர்சிங்குக்கு அப்ளிகேசன் போட்டேன். கூப்புட்டுட்டாவ. ஒரிஜினல் இல்லாம வாசப்படியே ஏறக் கூடாதுங்காவ."

"பாத்துக்கலாம் முத்துப்பேச்சி," என்றாள் தரணி. "லாக்கர்ல பத்திரமாத்தான் இருக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் குரல் என்று அவளுக்குக் கேட்டது.

"ஆமா, பத்திரமாத்தான் இருக்கு," என்றாள் முத்துப்பேச்சி. கோபம் ஒன்றும் இல்லை, அலுப்புத்தான். "போன வருசம் கூப்புட்டப்பமும் பத்திரமாத்தான் இருந்துச்சு. எங்கம்மைட்ட நான் அதத்தான் சொல்லிட்டு வாரேன்."

தரணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நாலு மாதமாகத் தன்னைப் போல அநியாயத்துக்கு ஆளானவள் இந்தத் திருப்பூரிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். அன்று ராச்சோற்றுக்கு வரச்சொல்லிச் சாரதாமணி இரண்டு தரம் கூப்பிட்டும் எழுந்து போகவில்லை.

புதன்கிழமை வந்த ஆடிட்டர் ஒரு பெண். வினிதா என்று பெயர், சென்னைக்காரி, காட்டன் புடவை, முதுகில் பை. மகுடேஸ்வரன் வெள்ளைச் சட்டை போட்டு, இளநீர் வெட்டி வைத்து வரவேற்றார். அவள் இளநீரைத் தொடவில்லை; தண்ணீர் பாட்டிலையும் கூடவே கொண்டு வந்திருந்தாள். தீயணைப்பானைப் பார்த்தாள், சம்பளப் பட்டியலைப் பார்த்தாள், பஞ்சைக்கூட எடுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் முதலாளி அறையில் உட்கார்ந்து, ஹெச்.ஆர். என்ற முறையில் தரணியிடம் கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் மகுடேஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்து, பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வொர்க்கர்ஸோட ஒரிஜினல் சர்டிபிகேட் எதையும் நீங்க வச்சுக்கறதில்லதானே?" என்று கேட்டுக்கொண்டே அவள் 'இல்லை'யில் டிக் அடிக்கப் போனாள்.

"வெச்சிருக்கோமுங்க," என்றாள் தரணி.

மகுடேஸ்வரனின் தலை ஆடிய வேகத்தில் இன்னும் ஒரு தரம் ஆடிவிட்டு நின்றது.

"எங்க?"

"உங்களுக்குப் பின்னால இருக்கற லாக்கர்லதானுங்க."

மகுடேஸ்வரன் சிரித்தார். மனசு எவ்வளவு கொதித்தாலும் வந்தவர் முன்னால் சிரிப்பது அந்தக் குடும்பத்தின் பழக்கம். "அதுங்க மேடம், ஹாஸ்டல்ல எலித் தொந்தரவுங்க. கடிச்சுப்போடும்னு ஒரு பத்திரத்துக்கு..."

"ஹாஸ்டல்ல எலி இருக்கா?" வினிதா அதையும் எழுதிக்கொண்டாள்.

"இல்லீங்க, எலியெல்லாம் இல்லீங்க."

"அப்ப எதுக்கு லாக்கர்?"

மகுடேஸ்வரன் இளநீரைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"என்னோடதும் அதுக்குள்ளதான் இருக்குதுங்க," என்றாள் தரணி. "வெள்ளிக்கெழம காலேஜ்ல சேரோணும். கேட்டாக் கெடைக்கல."

வினிதா பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், ஜன்னல் வழியே தெரிந்த நீல போர்டையும் பார்த்தாள். "நீங்க இவரோட பொண்ணுதானே?"

"சம்பளப் பட்டியல்ல எம்ப்ளாயிங்க. இப்பத்தான் நீங்களே டிக் பண்ணுனீங்க."

ஆடிட்டர்கள் சிரிக்கக் கூடாது என்று எங்கோ விதி இருக்க வேண்டும். வினிதா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சார், ஒரிஜினலைப் பிடிச்சு வச்சா அது கட்டாய வேலைன்னுதான் நான் எழுதணும். பையர் ஆர்டரை நிறுத்திடுவாங்க. நான் கிளம்பறதுக்குள்ள எல்லார் கையிலயும் குடுத்து கையெழுத்து வாங்கிட்டீங்கன்னா, தப்பு இருந்ததையும் எழுதுவேன், சரிசெஞ்சதையும் எழுதுவேன். எப்படி வசதி?"

"இப்பவே குடுத்தறலாமுங்க," என்றார் மகுடேஸ்வரன். மகள் நாலு மாதமாகக் கேட்டு வாங்க முடியாத சொல்லை, அறிமுகமில்லாத ஒரு பெண் ஒரே தரத்தில் வாங்கிவிட்டாள். இத்தனைக்கும் அவள் என்ன கூட்டம் என்று யாருக்கும் தெரியாது.

லாக்கர் திறந்தது. பிளாஸ்டிக் உறைகளைக் கேன்டீன் மேஜையில் அடுக்கிப் பெயர் கூப்பிட்டார்கள். முதலாளி தன் கையாலேயே கொடுக்க வேண்டும், ஆதாரத்துக்குப் போட்டோ வேண்டும் என்றாள் வினிதா. ஒவ்வொரு பிள்ளையும் வந்து வாங்கியது. முத்துப்பேச்சி உறையைப் பிரித்து, பெயர் தன்னுடையதுதானா என்று வாசித்துப் பார்த்துவிட்டு, தாவணிக்குள் செருகி ஊக்குக் குத்திக்கொண்டாள். தரணி வரிசையின் கடைசியில் நின்றாள்.

மகுடேஸ்வரன் கொடுக்கும்போது உதடு அசையாமல் பேசினார். "ஊட்டு விசயத்தக் கொண்டாந்து ரோட்டுல போட்டுட்டயே சாமி."

"கேமராவப் பாருங்கப்பா," என்றாள் தரணி.

போட்டோ அருமையாக விழுந்தது. அப்பா இரண்டு கையாலும் நீட்டுகிறார், மகள் குனிந்து வாங்குகிறாள். சாயங்காலம் அதைப் பார்த்த மகுடேஸ்வரனுக்கே கண் கலங்கியது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, 'மேற்படிப்புக்கு வாழ்த்தி அனுப்பும் தருணம்' என்று எழுதினார். வீதியே இதயம் போட்டது. கணியூரிலிருந்து சதீஷ்குமார் மூன்று இதயம் போட்டான். அவன் அம்மா போன் போட்டாள்.

"ஏன்டா மகுடு, இதென்ன கூத்து? என்ற பையன் அரியருக்கு என்ன பதிலு?"

"அட, அது சும்மா ஸ்டேட்டஸுக்குத்தாங்க்கா. அடுத்த வருசம் சேத்திக்கச் சொல்லலாம். பாத்துக்கலாங்க்கா."

வியாழக்கிழமை காலையில் அவர் கம்பெனிக்குப் போனபோது செக்கிங் டேபிளில் ஆள் இல்லை. பின்னால் ஹாஸ்டலில் பாதிக் கட்டில் காலி. சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தான்.

"எல்லாம் ஊருக்குப் போயிருச்சுங்க மொதலாளி. சர்ட்டிபிகேட்டுத்தான் கைக்கு வந்துருச்சுங்களே."

"அத்தன பேருமா? நல்லாத்தான வெச்சிருந்தோம்?"

அவர் நடிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் சந்தோஷமாக இருப்பதால்தான் ஒருத்தியும் போகவில்லை என்று இத்தனை வருஷமும் அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். ஆள் பிடிக்க ஏஜென்டுகளுக்கு போன் போட்டே பகல் கழிந்தது.

சாயங்காலம் வீடு திரும்பித் தோசைக்கு உட்கார்ந்தபோது பனியன் முதலாளிகள் சங்கத் தலைவர் சுப்பண்ணன் அழைத்தார்.

"ஸ்டேட்டஸப் பாத்தனுங்க. ஆடிட்டுலயும் பொம்பளப் புள்ளைங்க படிப்ப ஊக்குவிக்கற கம்பெனின்னு பேரு வாங்கிட்டீங்களாமா. உங்களாட்ட அப்பன் எல்லாப் புள்ளைக்கும் கெடைக்கோணுமுங்க. ஞாயித்துக்கெழம விழாவுல உங்களுக்குப் பொன்னாட போத்தறோம். பொண்ணையும் மேடைக்குக் கூட்டியாந்துருங்க."

"வந்தர்றோமுங்க," என்றார் மகுடேஸ்வரன். போனை வைத்துவிட்டு உற்சாகமாக உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "தரணி! இங்க வா கண்ணு."

சமையல்கட்டிலிருந்து சாரதாமணி தோசையோடு வந்தாள். வெளியே போய் வந்த சேலையை இன்னும் மாற்றவில்லை.

"அவ ரயிலேறிட்டாளுங்க. நாந்தான் ஸ்டேசன் வரைக்கும் போயி ஏத்தி உட்டுட்டு வந்தேன். காத்தால எட்டு மணிக்கே டவுசர் போட்டிருந்த அந்த ஈரோட்டுப் புள்ள காலேஜ் வாசல்ல நிக்கறேன்னு சொல்லிருக்குதாமா."

மகுடேஸ்வரன் தட்டைப் பார்த்தார்.

"பெத்த அப்பன்... என்றகிட்ட ஒரு வார்த்த கேக்காமயா போயிட்டா?"

சாரதாமணி தோசையைத் தட்டில் போட்டாள். சட்னியை ஊற்றினாள்.

"சித்திரையில இருந்து கேட்டுட்டுத்தானுங்க இருந்தா," என்றாள்.